கொசுறு கேட்ட கைகள்

மாலை ஆறு மணிக்குக் கோயம்புத்தூர்த் தெருக்களில் ஓர் ஆளைப் பார்க்க முடியாது. அதே நேரத்தில் சந்தையில் கால் வைக்க இடம் இருக்காது. கால் வைக்க என்று சொல்வதுகூடத் தப்புதான். அங்கே வருகிறவை கைகள் மட்டுமே.

சூலூரைத் தாண்டி, ஒரு சிற்றூரையே உள்ளே வைத்து மூடிவிடலாம் என்கிற அகலத்தில் ஒரே கூரை. அதன் அடியில் மலைமலையாகக் காய்கறி, பக்கத்தில் மளிகை. கூரையில் தெருவுக்கு ஒரு தண்டவாளம், தண்டவாளத்தில் வீட்டுக்கு ஒரு கை. தோள் கிடையாது, முகம் கிடையாது. முழங்கையிலிருந்து விரல்வரை மட்டும், கூடவே ஒரு கூடையோடு தொங்கும். ஆறு அடித்ததும் அத்தனை கைகளும் ஒரே சமயத்தில் குவியல்களை நோக்கி இறங்கும். கூடை நிறைந்ததும் அது கூடைக்குழாய்க்குள் போய், ஊருக்கு அடியில் ஓடி, அவரவர் அடுக்களையில் வந்து நிற்கும். இதற்குக் கைச்சந்தை என்று பெயர்.

எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்பீர்கள். காரணம் வெண்டைக்காய்.

வீட்டிலிருந்தே வேலை என்று ஊர் முழுக்க ஆன பிறகு மனிதர்கள் வாங்குவதை நிறுத்திய பொருள்களை நினைத்தால் சிரிப்பு வரும். முதலில் போனது குடை. பிறகு டிபன் பாக்ஸ், தோள்பை, கைக்கடிகாரம். சட்டை விற்றது, கால்சட்டை விற்கவில்லை. திரையில் இடுப்புக்கு மேலேதானே தெரிகிறது! தீபாவளிக்கே பாதி உடுப்பு போதும் என்று ஆகிவிட்டது. மாதச் சாமான் என்ற பேச்சும் ஒழிந்தது. ஒரு கூட்டம் முடிந்து அடுத்த கூட்டம் தொடங்குவதற்குள் கிடைக்கிற இடைவெளியில், சலிப்புக்கு ஒரு முறுக்குப் பாக்கெட், கோபத்துக்கு ஒரு புதுத் தலையணை என்று விரலாலேயே வாங்கித் தள்ளினார்கள். எல்லாம் பெட்டியில் வந்தது, பிடிக்காவிட்டால் பெட்டியிலேயே திரும்பிப் போனது. சனிக்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் வித்தியாசம் தெரியாத ஊரில் கடைவீதி எதற்கு? அதுவும் போயிற்று.

காய்கறி மட்டும் மசியவில்லை. நுனியை ஒடித்துப் பார்க்காத வெண்டைக்காயை எவர் சமைப்பார்? தட்டிப் பார்க்காத தேங்காயை எவர் நம்புவார்? இயந்திரம் பொறுக்கி அனுப்பிய கத்தரிக்காயை ஊரே திருப்பி அனுப்பியது. அப்போது வந்ததுதான் தொடுகையுறை. வீட்டில் அதை மாட்டிக்கொண்டு விரலை அசைத்தால், சூலூரில் உங்கள் இயந்திரக்கை அசையும். அது தொடுகிற தக்காளியின் குளிர்ச்சி உங்கள் விரலுக்கு வரும். அடேயப்பா, ஜனங்கள் கொண்டாடிவிட்டார்கள்! ஆறு மாதம் எல்லாரும் உறை மாட்டிச் சந்தைக்குப் போனார்கள். அந்த ஆறு மாதமும் கைகள் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு கையும் தன் வீட்டுக்காரரின் பழக்கத்தைப் பதிந்துகொண்டது. அதன் பிறகு மனிதர்கள் தேவைப்படவில்லை. உறையைக் கழற்றி இழுப்பறையில் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். கைகள் தாமாகவே போய் வாங்கிவந்தன. ஒன்பது வருடமாக இப்படித்தான்.

நிறைமதி அந்தக் கைச்சந்தையின் பழக்கப்பதிவுப் பொறியாளர். வயது முப்பத்தெட்டு. ஊரின் கணபதிப் பகுதியில், பதினோராவது மாடியில் தனியாக இருந்தாள். சந்தையைப் பராமரிக்கிறவள் சந்தையை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை என்றால் நம்புவீர்களா? அவளும் வீட்டிலிருந்தே வேலை பார்த்தவள்தான். யாரும் அவளைத் தேடி வருவதில்லை. அவளும் யாரையும் தேடிப் போனதில்லை. அது தனிமை என்று அவளுக்குத் தோன்றியதும் இல்லை, வசதி என்றுதான் நினைத்திருந்தாள்.

சில மாதங்களாக அவளுக்குத் தலைவலியாக இருந்த விஷயம் ஒன்று உண்டு. ஊர்க் கூடைகள் தப்பாக வந்துகொண்டிருந்தன. ஒரு வீட்டில் பருப்பு இல்லை. ஒரு வீட்டில் இரண்டு பங்கு புளி. ஒருவருக்கு முருங்கைக்காய் மட்டும் கட்டுக்கட்டாக வந்து, அரிசியே வரவில்லை. கூடை வந்ததும் புகார் வரும். விசித்திரம் என்னவென்றால், அதே புகாரை ராத்திரிக்குள் அவர்களே திரும்ப வாங்கிக்கொள்வார்கள். ஏன் என்று கேட்டால், “பரவால்லீங்க, விட்டுருங்க” என்பார்கள். ஆனால் நகரசபை விடுவதாக இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் கைகளைக் கழற்றிவிட்டுப் பழையபடி பொறுக்கும் இயந்திரம்தான் என்று எச்சரித்திருந்தது.

சந்தையின் நிர்வாகி சௌடேஸ்வரி திரையில் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், பேச்சில் எப்போதும் ஓர் அவசரம் இருக்கும்.

“ஏங்கண்ணு மதி, உன்ற கூடைல ஒருநாளாச்சும் தப்பு வந்திருக்குதா?”

“இல்லீங்க மேடம். ஒன்பது வருசத்துல ஒருநாள்கூட இல்லைங்க.”

“அதைத்தான் நானும் பார்த்தேன். ஊரே மாத்தி மாத்தி வாங்கிட்டுக் கெடக்குது, உன்ற கை மட்டும் ஸ்கேல் வெச்சுக் கோடு போட்டாப்பல வேலை பண்ணுது. போன கை சாமானை எடுத்துட்டு நேரா வந்துருது. அந்தப் பழக்கத்தை எடுத்து எல்லாக் கைக்கும் ஏத்திப்போடு. சனியன் விட்டுதுன்னு இருக்கலாம்.”

“எல்லாக் கைக்குமா! பழைய பழக்கமெல்லாம் அழிஞ்சுருமுங்களே. ஊர் முழுக்கப் பிரதி எடுத்து வைக்க நம்மகிட்ட இடமில்லைங்க.”

“அழிஞ்சா அழியட்டும். தப்புப் பண்ற பழக்கம்தானே? முதல்ல சிங்காநல்லூருக்கு மட்டும் ஏத்திப் பாரு. அதுக்கு வேணும்னா பிரதி எடுத்து வெச்சுக்க. சரியா வந்தா வெள்ளிக்கெழம ஊருக்கே ஏத்திரலாம். இனிமே உன்ற கைதான் கண்ணு, கோயமுத்தூருக்கே கை!”

நிறைமதிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பொய் சொல்வானேன், அன்று இரண்டு முறை கண்ணாடி பார்த்துச் சிரித்துக்கொண்டாள். பழையதைப் பிரதி எடுத்து வைத்துவிட்டு, சிங்காநல்லூரின் கைகள் எல்லாவற்றிலும் தன் கையின் பழக்கத்தை ஏற்றினாள்.

மறுநாள் சிங்காநல்லூரில் ஒரு கூடையும் தப்பாகப் போகவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. கேட்ட பொருள் கேட்ட அளவில் கேட்ட வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. சௌடேஸ்வரி கைதட்டும் படம் ஒன்று அனுப்பினார்.

மூன்றாம் நாள் சிங்காநல்லூரிலிருந்து புகார்கள் வரத் தொடங்கின. நிறைமதி முதலில் படித்தபோது தன் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தாள். எல்லாப் புகாரும் ஏறக்குறைய ஒன்றேதான்: கூடை சரியாக வருகிறது, தயவுசெய்து கவனிக்கவும்.

புகார் செய்தவர்களில் குணவதி என்பவரை அவள் அழைத்தாள். அந்தப் பக்கம் ஒரு நடுவயதுப் பெண்ணின் குரல் சுருக்கென்று வந்தது.

“எங்க கூடை மூணு நாளா சரியா வருதுங்க.”

“சந்தோசங்க. அதுக்குத்தானே நாங்க...”

“சந்தோசமா! வயித்தெரிச்சலைக் கெளப்பாதீங்க. எங்க தெருவையே கெடுத்துப்போட்டீங்க.”

“ஏனுங்க, எதாச்சும் குறையுதுங்களா?”

“ஒண்ணுமே குறையலீங்க. அதுதான் பிரச்சினை.” குணவதி மூச்சு வாங்கிக்கொண்டார். “போன ஆடியில ஒருநாள் என்ற கூடைல புளி வரலை. ரசம் வைக்கோணும். வேற வழியில்லாம எதுத்த வீட்டுக் கதவைத் தட்டினேன். பார்த்தா அவங்க கூடைல ரெண்டு வீட்டுப் புளி! அவங்களுக்குப் பருப்பு வரலை, அது பக்கத்து வீட்டுக்குப் போயிருக்குது. அங்க ஞானப்பிரகாசம்னு ஒருத்தரு, மெஷின் புத்தகமெல்லாம் மொழிபெயர்க்கறவரு. எட்டு வருசமா எங்களுக்கு நடுவுல ஒரே ஒரு சுவருதானுங்க. மூஞ்சியே பார்த்ததில்லை. அன்னிக்கு மூணு வீட்டுச் சாமானையும் ஒண்ணாப் போட்டாத்தான் ஒரு சாப்பாடு ஆச்சு. அப்புறம் தெனமும் அதே கூத்துதான். குழாயில கூடை வந்ததும் தூக்கிட்டு எல்லாரும் வெளிய வந்துருவோம். யாருக்கு யாரோடது வந்திருக்குதுன்னு பார்க்கறதுக்குள்ள சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்கும்.”

“இப்ப?”

“இப்ப எல்லாருக்கும் எல்லாமே வந்துருது. கதவைத் தட்டி என்னன்னு கேக்கறது?”

“சும்மாவே போய்த் தட்டலாமுங்களே.”

“சும்மாவா?” குணவதி சிரித்தார், அந்தச் சிரிப்பில் கோபம் இல்லை. “நீங்க தட்டுவீங்களா?”

நிறைமதி தன் வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தாள். தன் எதிர்வீட்டில் இருப்பவரின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது.

அழைப்பு முடிந்ததும் தப்பாகப் போன கூடைகளின் பதிவுகளைத் திரையில் ஒவ்வொன்றாகத் திறந்தாள். பொறியாளர் மனசு ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டால் லேசில் விடாது. கைகள் தப்புச் செய்யலாம், அது சரி. ஆனால் தாறுமாறாகச் செய்கிற தப்பு எப்படி எப்போதும் பக்கத்து வீட்டுக்கே போகிறது? திரையில் தெரிந்தவை பாதை, நேரம், எடை மட்டும்தான். அங்கே உண்மையில் நடப்பதை யாரும் பார்த்ததில்லை. பார்க்க ஆள் போனால்தானே?

“நான் நேர்ல போய்ட்டு வர்றேனுங்க மேடம்” என்றாள் சௌடேஸ்வரியிடம்.

“எங்க?”

“சந்தைக்குங்க.”

“சந்தைக்கா! நாளைக்குச் சாயங்காலம் ஊருக்கே ஏத்தோணும், நீ அங்க போயி என்ன கண்ணு பண்ணப் போற? சரி சரி, போ. தண்ணி பாட்டில் எடுத்துக்க. வெயிலடிக்கும், உனக்குப் பழக்கமிருக்காது.”

அவள் போய் இறங்கியபோது ஆறாகச் சில நிமிடங்கள் இருந்தன. கதவு அவள் விரலை அடையாளம் கண்டு திறந்தது. முதலில் வந்தது வாசனை. கொத்தமல்லி, ஈர மண், பழுத்த கொய்யா, புதுச் சாக்கு எல்லாம் கலந்து மூக்கில் ஏறியது. குழாயில் வருகிற கூடையில் இந்த வாசனையில் பத்தில் ஒரு பங்குகூட இருந்ததில்லை. அவளுக்கு இனம்புரியாமல் கண் கலங்கியது. மேலே, இருட்டுவரை நீண்டு போகிற வரிசைகளில் கைகள் தொங்கிக்கொண்டிருந்தன, ஒரு விரல் அசைவில்லாமல்.

ஆறு அடித்தது.

அத்தனை கைகளும் இறங்கின. எங்கு பார்த்தாலும் விரல்! வெண்டைக்காய்க் குவியலில் ஆயிரக்கணக்கில் நுனிகள் ஒடிந்த சத்தம், தகரக் கூரையில் மழை பிடித்தாற்போல் கேட்டது. இவ்வளவு பெரிய ஒன்றைத் தான் ஒன்பது வருடமாகத் திரையில் சிறு சிறு புள்ளிகளாக நகர்த்திக்கொண்டிருந்தோம் என்று நிறைமதிக்குத் திகைப்பாக இருந்தது.

கிட்டே போய்ப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஒரு கை தேங்காயை எடுத்தது. உயர்த்தி, காது இருக்க வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோய்க் குலுக்கியது. அங்கே காதும் இல்லை, தலையும் இல்லை. ஆனாலும் சற்று நேரம் கேட்டுவிட்டு, திருப்தியில்லாமல் கீழே வைத்து வேறொன்றை எடுத்தது. இன்னொரு கை கருணைக்கிழங்கைத் தொட்டு மண் ஒட்டியதும், இல்லாத முந்தானையில் துடைத்துக்கொண்டது. வேறொன்று ஒரு தக்காளியை எடுத்துப் போவதும் மனசு கேட்காமல் திரும்பி வந்து மாற்றுவதுமாக இருந்தது. ஆட்கள் இல்லை. ஆனால் ஒவ்வொரு கையிலும் ஓர் ஆள் முழுசாகத் தெரிந்தார். இவர் சிக்கனக்காரர், இவருக்குச் சந்தேக புத்தி, இவர் வீட்டில் குழந்தை இருக்கிறது என்று அவளால் சொல்ல முடிந்தது.

பிறகுதான் அது நடந்தது.

ஒரு கை வாங்கி முடித்துக் கூடையை நிரப்பியது. உடனே கிளம்பவில்லை. குவியலின் முன்னால் உள்ளங்கையை மேலே பார்த்து விரித்து, அப்படியே நின்றது. பக்கத்தில் முடித்த கையும் அப்படியே விரித்தது. அதற்கடுத்ததும். கண்ணுக்கெட்டிய தூரம்வரை விளக்கொளியில் விரிந்த உள்ளங்கைகள், எதற்காகவோ காத்து நின்றன.

நிறைமதிக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு சட்டென்று விளங்கியது. கொசுறு!

காய் வாங்கி முடித்ததும், “ரெண்டு கறிவேப்பிலை போடுங்க” என்று கையை நீட்டாமல் எந்தக் கோயம்புத்தூர்க்காரர் கடையை விட்டு நகர்ந்திருக்கிறார்? உறை மாட்டிக்கொண்டு வந்த அந்த ஆறு மாதமும் ஜனங்கள் தம்மையறியாமல் கடைசியில் கையை நீட்டியிருக்கிறார்கள். கைகள் அதையும் கற்றுக்கொண்டுவிட்டன. ஆனால் இந்தச் சந்தையில் கடைக்காரர் கிடையாது. கொசுறு கேட்டால் யார் போடுவார்?

பக்கத்துக் கை போட்டது. அவள் கண்முன்னால், ஒரு கை தன் கூடைக்குள் போய்க் கறிவேப்பிலை ஒரு கொத்து எடுத்து, அடுத்த கையின் உள்ளங்கையில் வைத்தது. வாங்கிய கை சும்மா போகவில்லை. தன் கூடையிலிருந்து இரண்டு பச்சை மிளகாய் எடுத்துத் திருப்பி வைத்தது. முதல் கை விடுமா? ஒரு பிடி புளியை அள்ளியது. ஒன்பது வருடத்தில் கறிவேப்பிலையில் தொடங்கியது பருப்புக்கும் அரிசிக்கும் வந்து நின்றிருக்கிறது. ஒரு தெருவுக்கு ஒரு தண்டவாளம். அதனால் பக்கத்தில் நிற்கிற கை எப்போதும் பக்கத்து வீட்டின் கை. தப்பு ஏன் அடுத்த வீட்டுக்கே போகிறது என்ற கேள்விக்குப் பதில் இவ்வளவுதான்!

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையே, என்று அவள் வாய்விட்டே சொன்னாள். கூரை உயரத்துக்கு அவள் குரல் போய்த் திரும்பி வந்தது. எந்தக் கையும் கவனிக்கவில்லை.

சிங்காநல்லூர்த் தெருக்களின் தண்டவாளங்களைத் தேடிப் போனாள். தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அங்கே மட்டும் சத்தம் இல்லை. கைகள் இறங்கின, எடுத்தன, கூடையில் போட்டன, ஏறின. ஒன்றும் நுனி ஒடிக்கவில்லை, ஒன்றும் விரியவில்லை. ஒன்றையொன்று தொடாமல் சீராகப் போய்வந்தன. பக்கத்துத் தண்டவாளத்தின் கை ஒன்று கொத்தமல்லியை நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, வாங்க ஆளில்லாமல் தன் கூடையிலேயே போட்டுக்கொண்டது. நிறைமதிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அந்த வரிசை முழுக்க நிற்பது தான்தான் என்று அவளுக்குத் தெரியும்.

கடைசியாகக் கணபதியில் தன் தெருவின் தண்டவாளம். தன் கையைக் கண்டுபிடித்தாள். புத்தம்புதிது போல் இருந்தது. மற்றக் கைகளில் விரல் நுனி தேய்ந்து, நகத்தோரம் கறை பிடித்திருந்தது. அவளுடையதில் ஒரு கீறல் இல்லை. ஏனென்று நினைவு வந்தது. எல்லாரும் உறை மாட்டிக்கொண்டு சந்தைக்குப் போன அந்த ஆறு மாதத்தில் அவளுக்கு நேரம் இருக்கவில்லை. ஆலையில் ஏற்றி அனுப்பிய பழக்கத்தையே வைத்துக்கொண்டாள். அதிலும் ‘வாங்கி முடித்ததும் சற்றுக் காத்திருக்கவா?’ என்று கேட்டதற்கு, எதற்கு வெட்டியாக என்று எரிச்சலோடு ‘வேண்டாம்’ போட்டிருந்தாள். ஊரிலேயே தப்பு வராத ஒரே கூடை! அதற்கு யாரும் எதுவும் கொடுத்ததில்லை. அது யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. நிறைமதி அங்கேயே, வெங்காயச் சாக்கின் மேல் உட்கார்ந்து அழுதாள்.

அழுது முடித்துவிட்டு சௌடேஸ்வரியை அழைத்தாள்.

“மேடம், ஏத்த வேண்டாமுங்க. சிங்காநல்லூரையும் பழையபடி மாத்திடறேன்.”

“என்ன கண்ணு வெளையாடறயா? நாளைக்குக் கெடு!”

அவள் பார்த்ததையெல்லாம் சொன்னாள்.

“அப்ப இது பிழை இல்லைங்கறயா?”

“பிழைதானுங்க. ஆனா நம்மகிட்ட இருந்த ஒண்ணை நாம மறந்துட்டோம், அதுங்க மறக்கலை. அழிச்சுட்டோம்னா அப்புறம் எங்கயுமே இருக்காதுங்க.”

“நகரசபைக்காரங்களுக்கு நான் என்னத்தைச் சொல்றது?”

“வந்து பார்க்கச் சொல்லுங்க.”

“அவங்க வீட்டை விட்டு வெளிய வந்து எத்தனை வருசமாச்சு!”

“அவங்க கூடையிலயும் புளி வராம இருந்திருக்குமுங்க மேடம். வருவாங்க.”

சௌடேஸ்வரி பெருமூச்சு விட்டார். “என்ற வேலைக்கு உலை வெச்சுட்டுத்தான் நீ வீட்டுக்குப் போவ போல. சரி, என்னமோ பண்ணு.”

போனை வைத்துவிட்டு நிறைமதி தன் கையிடம் திரும்பினாள். அது வேலையை முடித்துக்கொண்டு மேலே ஏறப் போனது. எட்டி அதன் மணிக்கட்டைப் பிடித்தாள். குழந்தைக்கு முதல் எழுத்து எழுதப் பிடிக்கிற மாதிரி பிடித்து, அதன் கூடையிலிருந்து கறிவேப்பிலை ஒரு கொத்தை எடுக்க வைத்தாள். பக்கத்தில் ஒரு கை விரிந்து காத்திருந்தது, கட்டைவிரலில் சின்னதாக ஒரு வெட்டு இருந்த கை. அதன் உள்ளங்கையில் கொத்தை வைக்கச் செய்தாள். அந்தக் கை உடனே மூடவில்லை. புதிதாக யார் என்று பார்ப்பது போல் ஒரு கணம் நின்றது. பிறகு மெல்ல மூடிக்கொண்டு, திருப்பி ஒன்றும் தராமல் போய்விட்டது. பரவாயில்லை என்று நிறைமதி சொல்லிக்கொண்டாள், ஆனால் மனசு சுருங்கித்தான் போயிற்று. தன் கையின் பதிவில் அந்தப் பழைய ‘வேண்டாம்’ என்பதை அழித்துவிட்டு வீடு திரும்பினாள்.

வெள்ளிக்கிழமை நகரசபையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, விறைப்பாகத்தான் வந்தார்கள். ஆறு அடித்தது. வாங்கி முடித்த கைகள் எல்லாம் விரிந்து நின்ற நேரத்தில், மூவரில் மூத்தவர் தம்மையறியாமல் தம் கையையும் நீட்டிவிட்டார். ஏதோ ஒரு கை அதில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை வைத்துவிட்டுப் போனது. அவர் அதை முகர்ந்து பார்த்தார். திரும்பிப் போகும்போது அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கைகளைக் கழற்றுகிற பேச்சை அதன் பிறகு யாரும் எடுக்கவும் இல்லை.

சிங்காநல்லூரில் கூடைகள் மறுபடி தப்பாகப் போகத் தொடங்கின. குணவதி நன்றி சொல்லி அனுப்பிய பதிவில் பின்னால் ஒரே இரைச்சல். யாரோ ஒருவர் உப்பு உப்பு என்று கத்திக்கொண்டிருந்தார்.

நிறைமதியின் கூடை மட்டும் சரியாகவே வந்தது. தினமும் ஆறரைக்குக் குழாயின் முன்னால் போய் நிற்பாள். மூடியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைப்பாள். அரிசி இருக்கும், பருப்பு இருக்கும், கேட்ட ஆறு தக்காளியும் இருக்கும். ஒன்பது வருடம் பெருமையாக இருந்தது இப்போது ஒவ்வொரு நாளும் முகத்தில் அறைந்தது. ஒரு மிளகாய்கூடக் குறையவில்லையா, ஒருத்தருக்கும் என் கையைப் பிடிக்கவில்லையா என்று நினைத்தபடி கூடையின் அடியைத் தடவிப் பார்ப்பாள். தொலைவிலிருந்தே அதன் பழக்கத்தை மாற்றி, எதையாவது தள்ளிவிடச் செய்ய அவளால் முடியும். செய்யவில்லை. அது தானாக நடக்க வேண்டும் என்று வைராக்கியமாக இருந்தாள்.

ஐப்பசியில் ஒருநாள் மாலை, ஆறரையைத் தாண்டியும் இழுத்த வேலையை முடித்துத் திரையை அணைக்கப் போனபோது வீட்டில் எங்கோ ஒரு சத்தம் கேட்டது. குருவி கத்துவது போல இரண்டு முறை. எந்தக் கருவி பழுதாகிவிட்டது என்று நிறைமதி எழுந்தாள். குளிர்பெட்டியைத் திறந்து மூடினாள். சத்தம் மறுபடி வந்தது. கூடைக்குழாயின் விளக்கு பச்சையாகத்தான் இருந்தது. கூடையும் வந்திருந்தது. அதில் இரண்டு வீட்டு உப்பு. அதைக்கூட அவள் கவனிக்கவில்லை. காற்றாடி, தண்ணீர் வடிப்பான், கையுறை இருந்த இழுப்பறை எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. மூன்றாவது முறை கேட்டபோது அது வாசல் பக்கமிருந்து வருவதை உணர்ந்தாள். அது அழைப்பு மணி. தன் வீட்டு அழைப்பு மணியின் சத்தம் அவளுக்கு அதுவரை தெரியாது.

கதவைத் திறந்தாள். அவள் வயதுப் பெண் ஒருத்தி, கட்டைவிரலில் ஒரு பிளாஸ்திரியோடு, பாதிப் பூசணிக்காயை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள். தயக்கத்தில் அவள் முகம் சிவந்திருந்தது.

“நான் எதுத்த வீடுங்க, பேரு மிருதுளா. எங்க உப்பு உங்களுக்கு ஏதாச்சும் வந்திருக்குதுங்களா? இந்தப் பூசணி உங்களோடதுன்னு நெனைக்கறேன்.”

“உள்ள... உள்ள வாங்க” என்றாள் நிறைமதி. “உக்காருங்க.”

வீட்டில் இருந்தது ஒரே நாற்காலி. வேலை செய்கிற நாற்காலி. மிருதுளா அதில் ஓரமாக உட்கார்ந்து, பூசணியை மடியில் வைத்துக்கொண்டாள்.

“நீங்க என்ன வேலைங்க பார்க்கறீங்க?”

“கைகளுக்குப் பழக்கம் சொல்லிக் குடுக்கற வேலைங்க.”

சொல்லிவிட்டு நிறைமதி தன் கைகளைப் பார்த்தாள். கட்டிக்கொண்டாள், சரியாக இல்லை. பின்னால் வைத்துக்கொண்டாள், அதுவும் சரியாக இல்லை. எதிரில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கும்போது கைகளை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. சூலூரில் தொங்குகிற அந்தக் கைக்கு இதெல்லாம் அத்துப்படியாகியிருக்கும். நாளைக்கு ஆறு மணிக்குப் போய், அது எப்படிச் செய்கிறது என்று பார்த்துக் கற்றுக்கொண்டு வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.